சிற்றிலை மிதிக்கும் கால்

1

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்களில் ஒன்று சிற்றில். தெருவில் சிறுமியர் மணல் குவித்து வீடு கட்டுகிறார்கள். மணலையே அரிசியாக்கிச் சோறு சமைக்கிறார்கள். பாட்டுடைத் தலைவனான ஆண்குழந்தை அவ்வழியே வருகிறான். அவனுடைய சின்னக் கால் அந்த வீட்டை மிதித்துவிடும் என்பது சிறுமியருக்குத் தெரியும். மிதிக்காதே என்று கெஞ்சுகிறார்கள். பாட்டுக்குப் பாட்டு அந்தக் கெஞ்சல்தான். குழந்தை முருகனோ மன்னனோ அடியாரோ, அவனுக்குப் பெயரும் ஊரும் புகழும் உண்டு. கட்டிக்கொண்டிருக்கும் சிறுமியருக்குப் பெயர் இல்லை.

பெண்பாற் பிள்ளைத்தமிழில் இந்தப் பருவம் கிடையாது. அங்கே கழங்கு அல்லது அம்மானை, நீராடல், ஊசல் ஆகியவை வருகின்றன. பெண்குழந்தையும் ஆடுகிறாள், அழகாகவே ஆடுகிறாள். ஆனால் “என் விளையாட்டைக் கலைத்துவிடாதே” என்று எந்தச் சிறுவனும் அவளிடம் கெஞ்ச வேண்டியதில்லை. விளையாட்டைக் கலைக்கும் உரிமை இலக்கணத்திலேயே ஒரு பாலுக்கு மட்டும் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதுவும் தெய்வீகக் குறும்பாக, தாய்மார் பார்த்துப் பூரிக்க வேண்டிய காட்சியாக.

குறிஞ்சிக்கலியில் கபிலர் பாடிய புகழ்பெற்ற பாட்டிலும் இந்தக் கால் உண்டு. சிறுவயதில் மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், கூந்தல் மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், பின்னாளில் தண்ணீர் கேட்டு வாசலுக்கு வந்து கையைப் பிடிக்கிறான். வகுப்பறைகளில் இந்தப் பாட்டை நாடகச் சுவைக்காகக் கொண்டாடுகிறோம். சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போகிறோம். மணல் வீட்டை இழந்த சிறுமியின் பக்கம் நின்று பார்த்தால் அந்தப் பாட்டு தொந்தரவின் வரலாறாகவும் வாசிக்கக் கிடைக்கும். தொந்தரவு செய்தவனே காதலன் ஆவதால் தொந்தரவு காதலின் முன்னுரை ஆகிவிடுகிறது.

இதே காட்சியை ஒரு பெண் எழுதும்போது என்ன ஆகிறது? நாச்சியார் திருமொழியில் ஆண்டாளும் சிற்றிலைப் பாடுகிறாள். கெஞ்சல் அங்கேயும் உண்டு; பக்தியும் உண்டு. ஆனால் கட்டியவளின் உடல் அங்கே பேசுகிறது. எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள், எங்கே வலித்தது என்ற கணக்கைத் தன் கண்ணனிடமே எடுத்து வைக்கிறாள் அவள். மணல் வீடு என்பது உழைப்பு, அதற்கு நேரம் ஆனது என்று சொல்வதற்கு அதைக் கட்டிய அனுபவம் வேண்டியிருக்கிறது.

இக்கட்டுரையின் கேள்வி அந்த நேரத்தைப் பற்றியது. கற்றலிலும் விளையாட்டிலும் ஊக்கம், ஈடுபாடு, ஒன்றிப்போதல் என்று இன்று ஏராளமாகப் பேசுகிறோம். ஒன்றிப்போவதற்குத் தேவையான கலையாத நேரம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்பதைப் பற்றி அநேகமாகப் பேசுவதில்லை.

2

பணமோ பதவியோ கிடைக்காதபோதும் மனிதர்கள் சில செயல்களில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடப்பது ஏன் என்று கேட்டவர் மிஹாய் சிக்சென்ட்மிஹாய் (1934–2021). ஹங்கேரியக் குடும்பத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய உளவியலாளர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சிறுவனாக ஒரு முகாமில் அடைபட்டிருந்தபோது, சதுரங்கம் தன்னை வேறோர் உலகத்துக்குள் கூட்டிப்போனதைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1975இல் வெளிவந்த அவருடைய ஆய்வு நூலில் பாறை ஏறுபவர்கள், நடனக் கலைஞர்கள், இசையமைப்பாளர்கள், அறுவைச் சிகிச்சை மருத்துவர்கள் ஆகியோரோடு சதுரங்கம் ஆடுபவர்களும் இருந்தார்கள். வேறுவேறு செயல்கள், சொன்ன அனுபவம் ஏறத்தாழ ஒன்று. தன்னினைவு கரைகிறது. நேரம் போவது தெரிவதில்லை. செய்வதே செய்வதற்கான கூலியாகிறது.

இந்த நிலைக்கு அவர் ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்தார். அதை நான் லயிப்பு என்றே சொல்கிறேன். பாட்டிலும் கோலத்திலும் லயித்துப்போவதை நம் பெண்கள் காலங்காலமாக அந்தச் சொல்லால்தான் சொல்லி வந்திருக்கிறார்கள்.

லயிப்புக்கு மூன்று ஏற்பாடுகள் வேண்டும் என்கிறது கோட்பாடு. என்ன செய்யப்போகிறோம் என்பது தெளிவாக இருக்க வேண்டும். செய்தது சரியா தவறா என்பது உடனுக்குடன் தெரிய வேண்டும். சவாலும் திறமையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். சவால் மிகுந்தால் பதற்றம், குறைந்தால் சலிப்பு. புள்ளிக்கோலம் போடும் பெண்ணிடம் இந்த மூன்றும் இருக்கின்றன. சிற்றில் கட்டும் சிறுமியிடமும் இருக்கின்றன. மணலின் ஈரம் போதவில்லை என்றால் சுவர் சரிந்து உடனே சொல்லிவிடும்.

கல்வியாளர்கள் இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டார்கள். விளையாட்டு வடிவமைப்பாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் மூன்றுக்கும் அடியில் நான்காவதாக ஒன்று இருக்கிறது. லயித்திருப்பவரை யாரும் கூப்பிடக்கூடாது. கவனம் சிதறக்கூடாது என்பது கோட்பாட்டிலேயே வருகிறது. அந்தச் சிதறலைத் தடுப்பவர் யார், அவருடைய லயிப்பு என்ன ஆகிறது என்ற கேள்வி அதன் மையத்துக்கு வருவதில்லை. அறுவைச் சிகிச்சை அறையில் மருத்துவர் லயித்திருக்க, அவர் வீட்டில் பால் பொங்கி வழியாமல் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பால் பார்ப்பவர் லயிக்க முடியாது. லயித்தால் பால் பொங்கிவிடும்.

தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் செலவிடும் நேரம் சராசரியாக 289 நிமிடங்கள். அதில் ஈடுபடும் ஆண்களுக்கு 88 நிமிடங்கள். இந்த எண்களை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் அந்தக் கணக்கெடுப்பு நாளை அரைமணி நேரக் கட்டங்களாகப் பிரித்துப் பதிவது. அரைமணிக்குள் எத்தனை முறை கூப்பிட்டார்கள், எத்தனை முறை எழுந்து போனாள் என்பது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. பெண்களின் நேரம் குறைவு என்பது பாதி உண்மைதான். இருக்கிற நேரமும் உடைந்த நேரம் என்பது மறுபாதி. பத்துப் பத்து நிமிடங்களாகக் கிடைக்கும் ஒரு மணி நேரத்தில் துணி மடிக்கலாம். ஒரு நாவலுக்குள் இறங்க முடியாது, ஒரு சதுரங்க நிலையை ஆராய முடியாது.

3

நான் வசிக்கும் முகப்பேர், சதுரங்கத்தால் பெயர் பெற்ற பகுதி. இங்கும் பக்கத்து மேல் அயனம்பாக்கத்திலும் உள்ள வேலம்மாள் பள்ளிகளிலிருந்து கிராண்ட்மாஸ்டர்கள் வந்திருக்கிறார்கள். வைஷாலி, பிரக்ஞானந்தா குடும்பத்தின் வீடு அருகிலேயே பாடியில். டியூஷன் பலகைகளுக்கு நடுவே சதுரங்க வகுப்புப் பலகைகளும் தொங்கும் தெருக்கள் இவை. மாலையில் மாடியில் பிள்ளைகள் குனிந்து கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கீழே படிக்கட்டிலும் ஸ்கூட்டி மேலும் அம்மாக்கள். மடியில் சின்னதுக்கு வீட்டுப்பாடம், கையில் டிபன் டப்பா, காதில் போன், “குக்கரை அணைச்சிட்டியா?” என்ற கேள்வி. மாடியில் இருக்கும் லயிப்புக்கும் கீழே இருக்கும் சிதறலுக்கும் இடையில் பதினைந்து படிகள்.

நாகலட்சுமி அவர்களை உலகம் அறிந்தது 2023 ஆகஸ்டில். அஜர்பைஜானின் பாகு நகரில் நடந்த உலகக் கோப்பையில் மகன் வென்றபோது, அவனைச் செய்தியாளர்கள் சூழ்ந்திருக்க, தள்ளி நின்று பார்த்துப் பூரிக்கும் அம்மாவின் புகைப்படம் பரவியது. பிள்ளைகளோடு நாடு நாடாகப் போகிறவர் அவர். மின் அடுப்பும் அரிசியும் மசாலாவும் கூடவே போகும். விடுதி அறையில் சோறும் ரசமும் தயாராகும். இந்தச் செய்தியைப் படித்துக் கண் கலங்காதவர் குறைவு. அந்தப் பாசத்தின் மேல் எனக்கு எந்தக் கேள்வியும் இல்லை. நாம் அதற்கு வைக்கும் பெயரின் மேல்தான் கேள்வி. ஆட்டக்காரருக்கு உடல் நலம், உணவு, மன அமைதி, அட்டவணை ஆகியவற்றைக் கவனிப்பதைத் தொழில்முறை விளையாட்டில் வேலை என்பார்கள், அதற்குச் சம்பளம் தருவார்கள். அம்மா செய்தால் அது பாசம். பாசம் என்று பெயரிட்டதும் கணக்கு மூடப்படுகிறது.

குகேஷின் வீட்டில் வேறு ஏற்பாடு. காது மூக்கு தொண்டை மருத்துவரான தந்தை தம் தொழிலைக் குறைத்துக்கொண்டு மகனோடு பயணம் செய்தார். நுண்ணுயிரியலாளரான தாயின் வருமானம் குடும்பத்தைத் தாங்கியது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் 18 வயது மகன் உலக வாகையர் ஆனான். கலையாத நேரத்தை ஒரு பிள்ளைக்குச் செய்து தர ஆணாலும் முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்படி முடிந்தபோது நம் மொழி உடனே மாறுவதையும் கவனியுங்கள். தந்தை தொழிலை விட்டால் தியாகம் என்கிறோம். எதை விட்டார் என்று சொல்ல ஒரு தொழிலின் பெயர் இருக்கிறது. தாய் எதை விட்டார் என்று கேட்பதற்கு நமக்குத் தோன்றுவதே இல்லை.

வைஷாலியிடம் வருவோம். அந்த வீட்டில் முதலில் சதுரங்கம் கற்றவர் அவர். தொலைக்காட்சியில் மூழ்கிக் கிடக்கும் மகளை வேறு எதிலாவது ஈடுபடுத்தலாமே என்று பெற்றோர் வகுப்பில் சேர்த்தார்கள். அக்காவைப் பார்த்துத் தம்பி பலகைக்கு வந்தான். 2012இல் 12 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலக இளையோர் பட்டத்தை வென்றார். அடுத்த ஆண்டு சென்னைக்கு வந்த மேக்னஸ் கார்ல்சன் பலரோடு ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில், அவரைத் தோற்கடித்தவர்களில் வைஷாலியும் ஒருவர். பிரக்ஞானந்தா 2018இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். வைஷாலி அந்தத் தகுதியை எட்டியது 2023 டிசம்பரில். ஒரே வீடு, ஒரே பெற்றோர், ஒரே ரசம். இடையில் ஐந்தாண்டுகள். இதற்குத் தனிமனிதக் காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். அவற்றை ஊகிப்பது என் வேலையில்லை. ஆனால் அந்த ஐந்தாண்டுகளில் வைஷாலியைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் “பிரக்ஞானந்தாவின் அக்கா” என்றே தொடங்கின. முதலில் கட்டியவர் பெயரில்லாமல் நிற்கும் சிற்றில் பாட்டின் இலக்கணம்தான் இது. 2023இலும் மீண்டும் 2025இலும் மகளிர் கிராண்ட் ஸ்விஸ் போட்டியை வென்று அவர் அந்த வாக்கியத்தைத் தாமே திருத்தி எழுதினார்.

படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கும் கீழே இன்னொரு படி உண்டு. அவர் அங்கே காத்திருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் பாத்திரம் துலக்க ஒரு பெண் வருகிறார். அந்தப் பெண்ணின் மகள் அரசுப் பள்ளியிலிருந்து திரும்பி, தம்பியைப் பார்த்துக்கொண்டு, குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்காகக் காத்திருப்பாள். 2022 ஒலிம்பியாட்டையொட்டி அரசுப் பள்ளிகளிலும் சதுரங்கப் போட்டிகள் நடந்தன. நல்ல காரியம். பலகை அவள் பள்ளிவரை வந்துவிட்டது. பலகையின் முன் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்காரும் வசதி வரவில்லை. கலையாத நேரம் மேலிருந்து கீழே கொடுக்கப்படுவதில்லை. கீழிருந்து மேலே எடுக்கப்படுகிறது.

4

பெண்களுக்குச் சதுரங்கத்தில் ஊக்கம் குறைவு என்பது பழைய வாதம். இந்தியாவில் 80க்கும் மேற்பட்ட கிராண்ட்மாஸ்டர்கள் உருவாகியிருக்க, அவர்களில் பெண்கள் நால்வர் மட்டுமே: கொனேரு ஹம்பி (2002), ஹரிகா துரோணவல்லி (2011), வைஷாலி (2023), 2025 ஜூலையில் மகளிர் உலகக் கோப்பையை வென்ற திவ்யா தேஷ்முக். எண்ணைக் காட்டி மனத்தின் மேல் பழி போடுவது எளிது. எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதைகளைப் பார்க்க வேண்டும்.

மன்னார்குடிப் பக்கம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடந்தபோது பெரிதும் பேசப்பட்ட தலம். அரசன் மகளாகப் பிறந்த அம்பிகை சதுரங்கத்தில் யாராலும் வெல்லப்படாதவளாக இருக்கிறாள். அவளை வெல்பவனுக்கே மணம் முடிப்பதாகத் தந்தை அறிவிக்கிறார். ஈசன் முதியவர் வேடத்தில் வந்து ஆடி வென்று மணக்கிறார். தமிழ்நாட்டின் சதுரங்கப் பழமைக்குச் சான்றாக இக்கதையைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். கதை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அவள் தோற்கும் ஆட்டத்தில். திருமணத்துக்குப் பிறகு அவள் சதுரங்கம் ஆடினாளா என்று தலபுராணத்தைக் கேட்க முடியாது. கோயிலின் பெயரில் வல்லமை அவனுடையது.

புராணத்தை விட்டு வரலாற்றுக்கு வந்தால் ஃபாத்திமா இருக்கிறார். பிரிக்கப்படாத இந்தியாவைச் சேர்ந்த சர் உமர் ஹயாத் கான் என்ற பிரபுவின் வீட்டில் பணிப்பெண். 1933இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார். அதே பிரபுவின் பரிவாரத்தைச் சேர்ந்த மிர் சுல்தான் கான் பிரிட்டிஷ் சாம்பியன் பட்டத்தை மூன்று முறை வென்றவர். ஊர் திரும்பிய பின் சுல்தான் கானின் ஆட்டங்கள் நூல்களில் ஆராயப்பட்டன. 2024இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவருக்கு மறைவுக்குப் பிந்தைய கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. ஒடுக்கப்பட்ட நிலையிலிருந்து வந்த அந்த மேதைக்குத் தாமதமாகவாவது நீதி கிடைத்ததில் மகிழ்ச்சி. ஊர் திரும்பிய ஃபாத்திமாவைச் சதுரங்க உலகம் அதற்குப் பிறகு தேடவில்லை. அவருக்கு ஊக்கம் குறைந்துபோனது என்று யாராவது சொல்வார்களா?

ஊக்கம் பற்றிய உளவியல் ஆய்வுகளே இந்தப் பழியை ஏற்பதில்லை. எட்வர்ட் டெசி 1971இல் வெளியிட்ட ஆய்வில், புதிர்க்கட்டைகளைச் சேர்க்கக் காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் அவற்றைத் தொடுவது குறைந்தது. 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் மழலையர் பள்ளியில் செய்த ஆய்வில், சான்றிதழ் தருவதாகச் சொல்லி வரையவைத்த குழந்தைகள் பின்னர் தாமாக வரைவது குறைந்துபோனது. உள்ளிருந்து வரும் ஊக்கம் வெளியார் கையாளும்போது வாடுகிறது. அதாவது ஊக்கம் என்பது பிறவிக்குணம் மாதிரி ஆளுக்குள் நிலையாக இருப்பதில்லை. சுற்றியிருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதத்தில் வளரும், சுருங்கும். பத்தாம் வகுப்பு வந்ததும் “போதும், இனிமே படிப்பைப் பாரு” என்று பலகையை அலமாரிமேல் வைக்கும் வீட்டில் தொடங்கி, வெளியூர்ப் போட்டிக்குத் துணைக்கு யார் போவது என்ற கேள்வியில் முடிந்துபோகும் பயணம்வரை எல்லாமே ஊக்கத்தின் பகுதிகள்தான். சங்கப் பாடல்களில் ஓரையாடிய பெண் பருவம் எய்தியதும் வீட்டுக்குள் வைக்கப்படுவதை இற்செறிப்பு என்று படிக்கிறோம். அவளுக்கு ஓரையில் ஆர்வம் குறைந்துவிட்டது என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை.

நாகலட்சுமி அவர்களின் புகைப்படம் எடுக்கப்பட்ட அதே பாகு நகரில், அதே 2023 உலகக் கோப்பையில் பொதுப்பிரிவு வாகையருக்குப் பரிசு 1,10,000 டாலர், மகளிர் பிரிவில் 50,000 டாலர். அதற்கு முந்தைய ஆண்டு மாமல்லபுரத்தில் நிறைமாதக் கர்ப்பிணியாக அமர்ந்து ஆடினார் ஹரிகா. அந்த அணி வெண்கலம் வென்றது. ஹம்பி மகப்பேறுக்காக ஆட்டத்திலிருந்து விலகியிருந்து, திரும்பி வந்து, 2019 இறுதியில் மகளிர் உலக ரேபிட் பட்டத்தை வென்றார். 2024இல் மீண்டும் வென்றார். இவர்களைச் சாதனைப் பெண்கள் என்று பாராட்டிவிட்டு நகர்வது போதாது. சாதிக்காத பெண்ணும் ஆடலாம் என்ற நிலை வர வேண்டும். ஆண்களில் சுமாராக ஆடுபவர்கள் எத்தனை பேர் வாழ்நாள் முழுவதும் நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறார்கள்!

5

பெண்ணின் நேரம் உடைந்தது என்பதைச் சமூக அறிவியலைவிட நன்றாகப் புரிந்துகொண்ட துறை ஒன்று உண்டு. செல்பேசி விளையாட்டுத் துறை. 2012இல் வந்த கேண்டி க்ரஷ் போன்ற விளையாட்டுகளின் ஒரு சுற்று சில நிமிடங்களில் முடிந்துவிடும். சாதம் வேகும் நேரத்தில் ஆடலாம், வேன் வரும்வரை ஆடலாம், யாராவது கூப்பிட்டால் அப்படியே வைத்துவிட்டு எழலாம். தெளிவான இலக்கு, உடனடிப் பதில், சிறிது சிறிதாக ஏறும் சவால் என்று லயிப்பின் மூன்று ஏற்பாடுகளும் அதில் கச்சிதமாக இருக்கின்றன. நான்காவதைத்தான் அது திறமையாகச் சுற்றிவளைத்துவிடுகிறது. உடைந்த நேரத்தைச் சேர்த்துத் தராமல், துண்டுகளிலேயே குடியிருக்கக் கற்றுத்தருகிறது.

நடாஷா டௌ ஷூல் என்ற மானுடவியலாளர் லாஸ் வேகாஸ் சூதாட்ட இயந்திரங்களின் முன் அமர்ந்திருப்பவர்களைப் பற்றி 2012இல் எழுதிய நூல் இங்கே நினைவுக்கு வருகிறது. அங்கே பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை. இயந்திரத்தின் முன் உலகம் மறைந்துபோகும் அந்த மண்டலத்தில் தொடர்ந்து இருப்பதற்காக ஆடினார்கள். அவர்களில் நாள் முழுவதும் பிறரைக் கவனிக்கும் வேலை செய்பவர்களும் உண்டு. யாரும் எதுவும் கேட்காத ஒரு மூலை அவர்களுக்கு இயந்திரத்தின் முன்தான் கிடைத்தது. வாழ்க்கை மறுத்த லயிப்பைச் சந்தை விலைக்கு விற்கிறது. ஆகவே “எப்பப் பாரு போன்லயே இருக்கா” என்று ஒரு பெண்ணைக் குறை சொல்வதற்கு முன், போனைத் தவிர வேறு எது அவளை விட்டுவைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நம் பாட்டிமாரின் பல்லாங்குழியையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம். பதினான்கு குழிகள், புளியங்கொட்டையோ சோழியோ, நான்கு சேர்ந்தால் பசு. கணக்கும் நினைவாற்றலும் முன்யோசனையும் வேண்டும் ஆட்டம். மாதவிலக்கு நாட்களில் தள்ளி உட்காரவைக்கப்பட்ட பெண்கள் பல வீடுகளில் இதை ஆடியிருக்கிறார்கள். அடுப்படியிலிருந்து விலக்கியதால் மட்டுமே அவர்களுக்குக் கலையாத நேரம் கிடைத்தது என்பது எவ்வளவு கசப்பான ஏற்பாடு! தீட்டு என்ற இழிவை ஏற்றால்தான் ஓய்வு. ஒருவர் மட்டும் ஆடும் பல்லாங்குழிக்குச் சீதாப்பாண்டி என்று பெயர். அசோகவனத்தில் சிறையிருந்த சீதை தனியாக ஆடியதாம். முகாமில் அடைபட்டிருந்த சிறுவனுக்குச் சதுரங்கம் உலகக் கோட்பாடு ஒன்றின் விதையானது. சிறைப்பட்ட சீதையின் ஆட்டம் ஒரு பெயராக மட்டும் மிஞ்சியது. ஆனாலும் அந்தப் பெயரை வைத்த பெண்ணுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்றே நினைக்கிறேன்.

6

கல்லூரிகளில் மாணவிகளுக்கு ஊக்கப் பேச்சு அடிக்கடி நடக்கிறது. கனவு காணுங்கள், இலக்கு வையுங்கள், கவனத்தைக் குவியுங்கள் என்று வந்தவர் சொல்லிவிட்டுப் போகிறார். மாணவிகள் கைதட்டுகிறார்கள். வீட்டுக்குப் போனதும் தம்பிக்குத் தோசை ஊற்றுகிறார்கள். பாடத்தைப் புள்ளிகளும் பதக்கங்களும் கொண்ட விளையாட்டாக மாற்றினால் ஈடுபாடு பெருகும் என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. தொடர்ந்து இத்தனை நாள் வந்தால் ஒரு நட்சத்திரம், ஒரு நாள் தவறினால் எல்லாம் அழிந்துபோகும். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் தவறவிடப்போவது யார் என்று அந்தச் செயலியை வடிவமைத்தவர் யோசித்திருக்க வேண்டும்.

என் மாணவிகளிடம் நான் வேறொரு கேள்வி கேட்பதுண்டு. யாரும் கூப்பிடாமல் தொடர்ச்சியாக எவ்வளவு நேரம் படிக்க முடிகிறது, எங்கே? மொட்டைமாடி என்பார்கள். எல்லோரும் தூங்கிய பிறகு என்பார்கள். ஒரு பெண் பேருந்து என்றாள். காலையில் ஏறினால் கல்லூரிவரை முக்கால் மணி நேரம், ஜன்னலோர இருக்கை கிடைத்தால் போதும். பேருந்தில் யாரும் தண்ணீர் எடுத்துவரச் சொல்ல முடியாது என்றாள் அவள். 2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அந்தத் திட்டத்தால் மிச்சமாகும் பணத்தைப் பற்றிப் பேசுகிறோம். முக்கால் மணி நேரக் கலையாத தனிமையையும் அது சில பெண்களுக்குத் தருகிறது என்பதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நாம் கேட்க வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல, ஆனால் அவை ஊக்கப் பேச்சாளரிடம் கேட்க வேண்டியவையும் அல்ல. இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் கிளை நூலகம், அதிலிருந்து பாதுகாப்பாக வீடு திரும்பும் வழி. அரசுப் பள்ளியில் மாலை இரண்டு மணி நேரம் ஆட ஓர் அறையும், வெளியூர்ப் போட்டிக்கு மாணவியோடு வரச் சம்பளம் பெறும் ஒரு துணைவரும். வீட்டில், மகளின் கையில் புத்தகமோ பலகையோ இருக்கும்போது அவள் பெயரைக் கூப்பிடுவதற்கு முன் மகனின் பெயரைக் கூப்பிட்டுப் பார்க்கும் பழக்கம்.

தமிழ் வகுப்பிலும் ஒரு வேலை இருக்கிறது. சிற்றில் பருவத்தை நடத்தும்போது குழந்தையின் காலடி அழகை விளக்கிவிட்டு, கொஞ்சம் நிறுத்தி, மணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் சிறுமியரைப் பார்க்கச் சொல்லலாம். எத்தனை பேர் இருந்தார்கள், எப்போது தொடங்கினார்கள், சுவர் எத்தனை முறை சரிந்தது, இன்னும் எவ்வளவு மிச்சம் இருந்தது? பாட்டில் விடை இருக்காது. மாணவிகள் எழுதட்டும்.